அம்மாவின் இரவு நோவுக்கு நித்திரைக் குளிசை மருந்தாகுமா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"அம்மாவுக்கு 66 வயது. ஒன்பது வருடமாக முடக்குவாதம். கிளினிக்கில் நோயை அடக்கக் கிழமைக்கு ஒருநாள் போடும் மெதோட்ரெக்சேற் குளிசையும் போலிக் அமிலமும் தருகிறார்கள். நோவுக்குப் பனடோல். போன வருடம் கழுத்துப் பிடித்துத் திருப்ப முடியாமல் போனபோது, வெளியே ஓர் இடத்தில் காட்டினோம். டயசிபாம் 5 மில்லிகிராம் குளிசை ஐந்து நாளுக்கு எழுதித் தந்தார்கள். அதைப் போட்டால்தான் நோத் தெரியாமல் படுக்கிறா. பழைய மருந்துத் துண்டைக் காட்டிக் காட்டி வாங்கி, இப்போது 14 மாதமாக ஒவ்வோர் இரவும் போடுகிறா. கனடாவில் இருக்கும் அண்ணா தசையைத் தளர்த்தும் குளிசை என்று ரொபாக்ஸசெற் இரண்டு போத்தல் அனுப்பியிருக்கிறார். விடிய எழும்பினால் தலை சுற்றுது என்கிறா. போன மாதம் சாமத்தில் வெளியே போய்க் கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது, வீக்கம் இன்னும் இருக்கிறது. இப்படியான குளிசைகள் மூட்டு நோவைக் குறைக்கும் என்று ஆராய்ச்சி ஏதாவது சொல்கிறதா? உடனே நிறுத்தட்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை வாசித்துவிட்டு நீங்கள் அந்தக் குளிசை அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். இன்றிரவு நிறுத்தாதீர்கள். 14 மாதம் நாள் தவறாமல் டயசிபாம் போட்ட உடம்பு அதற்குப் பழகிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் நித்திரை அறவே போகும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு வலிப்பும் வரும். டயசிபாம் உடம்பை விட்டு மெல்ல மெல்லத்தான் வெளியேறும். ஆகவே இந்தத் தொல்லைகள் அடுத்த நாளே வராமல், சில நாட்கள் கழித்து, ஒரு கிழமை கழித்தும் வரலாம். அப்போது அம்மா "பார், எனக்கு இந்தக் குளிசை இல்லாமல் ஏலாது" என்று சொல்லித் திரும்பவும் தொடங்கிவிடுவா. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் படிப்படியாக. அதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

இனி ஆராய்ச்சி. நீங்கள் கேட்ட கேள்வியையே அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த வாதநோய் மருத்துவ ஆய்வாளர்கள் கேட்டு, அதுவரை உலகில் நடந்த சோதனைகளைத் தேடித் திரட்டி, கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பாக 2012 இல் வெளியிட்டார்கள். ஒரு சிகிச்சை பற்றிய சோதனைகளையெல்லாம் கூட்டி எடைபோடும் தொகுப்பு அது. முடக்குவாத நோவுக்கு டயசிபாம் போன்ற தசை தளர்த்தும் மருந்துகள் உதவுமா என்பதுதான் கேள்வி. தேடித் தேடிக் கிடைத்தவை 6 சோதனைகள் மட்டுமே. எல்லாவற்றையும் கூட்டினாலும் 126 நோயாளிகள்தான். நான்கில் உங்கள் அம்மா போடும் அதே டயசிபாம், ஒன்றில் ட்ரயசோலம், ஒன்றில் சொபிகுளோன் என்ற நித்திரைக் குளிசைகள். ஒரு பகுதியினருக்கு, அல்லது ஒரே ஆளுக்கு வேறு நாட்களில், மருந்தில்லாத வெற்றுக் குளிசை கொடுத்து ஒப்பிட்டார்கள்.

நோ குறையவில்லை. வெற்றுக் குளிசை போட்டவர்களுக்கும் மருந்து போட்டவர்களுக்கும் நோவிலோ அன்றாட வேலை செய்யும் திறனிலோ வேறுபாடு காட்ட முடியவில்லை. நோவுக்கான வழமையான வீக்கக் குளிசையோடு (வீக்கத்தையும் நோவையும் குறைக்கும் குளிசை) சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். கெடுதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு நாளுக்கு மேல் நடந்தவற்றுள் இரண்டு சோதனைகளில் இருந்த 74 பேரின் கணக்கைப் பார்த்தால், மருந்து கொடுத்த ஒவ்வொரு மூன்று பேரிலும் ஒருவருக்கு மேலதிகமாக ஏதோ ஒரு பக்கவிளைவு. பெரும்பாலும் தலைச்சுற்றும் தூக்கக் கலக்கமும். உங்கள் அம்மா விடிய எழும்பிச் சொல்வதும் அதுதானே.

அந்தச் சோதனைகள் சிறியவை, நடத்திய முறையிலும் குறைகள் உண்டு. தொகுத்தவர்களே அதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். என் மனதைத் தைத்தது வேறொரு விஷயம். அந்த ஆறில் எதுவும் இரண்டு கிழமைக்கு மேல் நடக்கவில்லை. மூன்று சோதனைகள் ஒரே நாளோடு முடிந்தவை. உங்கள் அம்மா போட்டுக்கொண்டிருப்பது 14 மாதம். முடக்குவாதக்காரர் ஒருவர் இந்தக் குளிசையை அவ்வளவு காலம் போட்டால் நோவுக்கு நல்லது என்று சொல்ல இந்தத் தொகுப்பில் ஒரு வரி ஆதாரமும் இல்லை. பிரித்தானியாவில் 1988 இலேயே மருந்துப் பாதுகாப்புக் குழு, டயசிபாம் வகைக் குளிசைகளை இரண்டிலிருந்து நான்கு கிழமைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவித்திருந்தது. அம்மாவுக்கு எழுதித் தந்தவரும் ஐந்து நாளுக்குத்தானே எழுதினார். ஐந்து நாளை 14 மாதமாக்கியது அந்தப் பழைய துண்டு.

"அப்படியென்றால் அம்மா பொய்யா சொல்கிறா?" என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவ படுப்பது உண்மை, நோ தெரியாமல் போவதும் உண்மை. முடக்குவாதத்தில் நோவைக் கிளப்புவது மூட்டை உள்ளே மூடியிருக்கும் மெல்லிய சவ்வின் அழற்சி. உடம்பின் காவல் படையே அந்தச் சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடித்து, நீர் கட்டி, எலும்பை அரிக்கிறது. டயசிபாம் அந்த இடத்துக்குப் போய் எதுவும் செய்வதில்லை. அது வேலை செய்வது மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும். நரம்புகளின் படபடப்பை அடக்கும், தசை இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தும், ஆளை மயக்கிப் படுக்க வைக்கும். மூட்டுக்குள் அழற்சி இரவு முழுக்கத் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

கிளினிக்கில் ஒருநாள் ஓர் அம்மா எனக்கு முன்னால் இருந்து "நோ குறைவு டொக்டர், இப்ப நல்லா நித்திரை கொள்ளுறன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னா. கையை மேசையில் வைக்கச் சொன்னேன். முஷ்டி மடக்கினால் விரல் முட்டிகளுக்கு நடுவே பள்ளம் தெரியவேண்டும். அவவுக்கு அந்தப் பள்ளங்கள் நிரம்பி, புறங்கை தலையணை மாதிரி இருந்தது. தொட்டால் சூடு. நான்கு முட்டிகளையும் இரண்டு பக்கத்தாலும் சேர்த்து மெதுவாக அமத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நித்திரைக் குளிசை போட்ட நாலைந்து மாதமும் நோய் சத்தமில்லாமல் கூடியிருந்தது. நோ என்று அவ சொல்லியிருந்தால் நான் மருந்தை மாற்றியிருப்பேன். சொல்லவிடாமல் அந்தக் குளிசை வாயை அடைத்துவிட்டது. இன்று விடிய உங்கள் அம்மாவின் கையையும் இப்படிப் பாருங்கள். பள்ளம் தெரிகிறதா, சூடு இருக்கிறதா, எழும்பி எவ்வளவு நேரம் கழித்து விரல் மடங்குகிறது, தேநீர்க் கோப்பையின் காதைப் பிடிக்க முடிகிறதா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் விறைப்பு நின்றால் நோய் அடங்கவில்லை என்றுதான் நாங்கள் எடுப்போம். கிளினிக்கில் அழற்சியை அறிய இரத்தத்தில் பார்க்கும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி அளவுகளோடு உங்கள் கொப்பியும் சேர்ந்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி.

நித்திரையை நான் லேசாக எடுக்கவில்லை. முடக்குவாதக்காரரை ஓர் இரவு பாதி நித்திரையில் விழிக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2012 இல் வந்தது. அடுத்த நாள் அவர்களுக்கு நோவும் களைப்பும் மனச்சோர்வும் கூடியிருந்தன. நித்திரை கெட்டால் நோ கூடும், நோ கூடினால் நித்திரை கெடும். ஆகவே அம்மா நித்திரை கேட்பது நியாயம். அந்த நித்திரையை மூட்டு நோயை அடக்கி வாங்கவேண்டும். சொபிகுளோன் சோதனையிலும், நித்திரை தேறியதாக நோயாளிகள் சொன்னார்களே தவிர நோய் அசையவில்லை.

இந்தக் குளிசைகளுக்கு நோக் குளிசை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நாரிப்பிடிப்பிலிருந்து. பாரம் தூக்கித் திடீரென்று நாரி பிடித்தவருக்குத் தசை தளர்த்தும் மருந்து கொடுப்பது உலகெங்கும் பழக்கம். அதையும் 2021 இல் ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தார்கள், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். நோவை 100 புள்ளியில் அளந்தால், முதல் இரண்டு கிழமையில் கிடைத்த குறைவு எட்டுப் புள்ளிக்கும் உள்ளே. அதுவும் டயசிபாம் அல்லாத வேறு மருந்துகளில். டயசிபாமைத் தனியாக எடுத்து, 2017 இல் நாரிப்பிடிப்போடு அவசர சிகிச்சைக்கு வந்த 114 பேருக்கு வழமையான வீக்கக் குளிசையோடு சேர்த்துக் கொடுத்தபோது, வெற்றுக் குளிசையை விட ஒரு பயனும் கூடக் கிடைக்கவில்லை. தசை தளர்த்தும் மருந்துகளிலேயே பக்லோபன், ரிசானிடின் போன்றவை வேறு வேலைக்கானவை. பக்கவாதத்தாலோ முள்ளந்தண்டு நரம்புக் காயத்தாலோ கைகால் முறுகி இறுகியவர்களுக்கு அவை உண்மையிலேயே நல்ல மருந்துகள். பக்கத்து வீட்டில் யாருக்காவது அதைக் கொடுத்துச் சுகமென்று கேள்விப்பட்டால், அவருடைய வருத்தம் வேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கழுத்து. உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இடம் அது. நான் அதை மூன்று தரம் வாசித்தேன். நீண்டகால முடக்குவாதம் கழுத்தின் மேல் இரண்டு முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டையும் பிடிக்கும். எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் தசைநார் தளர்ந்தால் மேல் எலும்பு முன்னால் நழுவி முள்ளந்தண்டு நரம்பை அமத்தலாம். அப்படியான கழுத்தில் தசை இறுகிப் பிடிப்பது சில நேரம் காவலுக்காக. எலும்பு நழுவாமல் தசை பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் காவலைத் தளர்த்துவதற்கு முன்னால் கழுத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கவேண்டும். ஒன்பது வருட முடக்குவாதக்காரருக்குக் கழுத்து நோ வந்தால், குனிந்தபடியும் நிமிர்ந்தபடியும் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை எண்ணெய் பூசிக் கழுத்தை இழுத்து நெட்டி எடுக்கும் யாரிடமும் அம்மாவைக் கொண்டுபோகவேண்டாம். தோள், முழங்கால், கால் எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய் தடவட்டும், மெதுவாகப் பிடித்துவிடட்டும். கழுத்தில் மட்டும் கை வைக்கவேண்டாம். கையோ காலோ விறைத்து மின்சாரம் அடித்த மாதிரி இருந்தால், நடை தள்ளாடினால், சலம் கட்டுப்பாடில்லாமல் போனால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்காமல் அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எனக்கு நித்திரை வராமல் செய்யும் இன்னொரு விஷயம் அந்தக் கிழமைக் குளிசை. மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒரே நாள்தான். போலிக் அமிலம் வேறு நாளில். இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் குளிசைகள். கடதாசி உறைக்குள் இருந்து உள்ளங்கையில் கொட்டினால் நானே கண்ணாடி போட்டுத்தான் பிரிப்பேன். விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒருவர் "நேற்றுப் போட்டேனா?" என்று தடுமாறி மெதோட்ரெக்சேற்றை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போட்டுவிட்டால் எலும்பு மச்சை நின்றுபோகும், உயிருக்கே ஆபத்து. வாய் புண்ணாவது, காய்ச்சல், மூச்சு முட்டுவது, காரணமில்லாமல் தோலில் கண்டல் வருவது எல்லாம் அதன் அறிகுறிகள். இன்றே அந்த உறையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரே ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், புதன் என்றால் புதன், சுவர்க் கலண்டரில் அடையாளம் போட்டுவிட்டு உங்கள் கையாலேயே கொடுங்கள்.

அண்ணாவின் போத்தலுக்கு வருகிறேன். அவர் அன்பாகத்தான் அனுப்பினார், கனடாவில் அது துண்டில்லாமலே பாமசியில் கிடைக்கும். ஒவ்வொரு ரொபாக்ஸசெற் குளிசையிலும் 400 மில்லிகிராம் மெதோகார்பமோல் என்ற தசை தளர்த்தும் மருந்து. அதோடு அசெற்றமினோபென். அந்த இரண்டாவது பெயரைக் கண்டு யாரும் பனடோல் என்று நினைக்கமாட்டார்கள். ஆனால் அது பரசிற்றமோல்தான், வட அமெரிக்காவில் அதற்கு அந்தப் பெயர். அம்மா நோவுக்குப் பனடோலும் போட்டு இதையும் போட்டால் பரசிற்றமோல் இரண்டு வழியால் ஏறும். ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மெதோட்ரெக்சேற் ஏற்கெனவே ஈரலுக்குச் சுமை கொடுப்பதால் அவவுக்கு அந்த எல்லையைக் கூடத் தொடவிடக் கூடாது. அதே குடும்பத்தில் இபுபுரோபென் என்ற வீக்க மருந்து கலந்த ரொபாக்ஸ் பிளாட்டினம் என்றும் ஒன்று உண்டு. மெதோட்ரெக்சேற் போடுபவர் அதை வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது, சிறுநீரகம் கெடலாம். எல்லாவற்றுக்கும் மேல், டயசிபாம் போட்ட ஆளுக்கு இன்னொரு மயக்கும் மருந்தைச் சேர்ப்பது சரியில்லை. போத்தல்களைத் திறக்கவேண்டாம். கிளினிக்கில் டிரமடோல் என்ற ஓப்பியொயிட் வகை நோ மருந்து தந்திருந்தாலும் சொல்லுங்கள். அந்த வகை மருந்தும் டயசிபாமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016 இல் மிகக் கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. அண்ணாவிடம் கதைக்கும்போது அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். அனுப்புவதென்றால் மூடி திறக்க உதவும் பிடி, கைத்தடி, கட்டிலடியில் வைக்க ஒரு சின்ன விளக்கு என்று அனுப்பட்டும்.

டயசிபாமை எப்படிக் குறைப்பது? அளவை இந்தப் பக்கத்தில் எழுதித் தர முடியாது, அம்மாவைப் பார்க்கும் வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும். வழி மட்டும் சொல்கிறேன். 5 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் குளிசைகள் உண்டு, அவற்றை வைத்துச் சிறுசிறு படியாக இறங்கலாம். ஒரு படி இறங்கினால் இரண்டு முதல் நான்கு கிழமை அங்கேயே நின்று உடம்பைப் பழகவிட்டு அடுத்த படி. சில மாதம் ஆகும். நடுவில் இரண்டு மூன்று இரவு கெட்டுப்போனால் பயப்படாதீர்கள், மேலே ஏறவேண்டாம், அதே படியில் நில்லுங்கள். டயசிபாம் பாதி வெளியேறவே ஒன்றிரண்டு நாள் எடுக்கும், வயதானவர்களுக்கு அதற்கும் மேல். நேற்றைய குளிசை முடியமுன் இன்றைய குளிசை சேர்வதால்தான் அம்மாவின் தலை பகலிலும் சுற்றுகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பேணிவரும் பியர்ஸ் பட்டியலில் டயசிபாமும் இருக்கிறது, மெதோகார்பமோலும் இருக்கிறது. விழுவதும் எலும்பு முறிவதும்தான் காரணம்.

குறைக்கத் தொடங்குவதற்கு முன்னால், அல்லது அதோடு சேர்த்து, மூட்டு நோயை அடக்கவேண்டும். இல்லையென்றால் அம்மா தோற்றுப்போவா. கிளினிக்கில் "நித்திரை இல்லை" என்று சொல்லாதீர்கள். "மூட்டு நோவால் சாமத்தில் எழும்புகிறா, விடிய இத்தனை நேரம் விறைப்பு, 14 மாதமாக டயசிபாம் போடுகிறா" என்று சொல்லுங்கள். மெதோட்ரெக்சேற் அளவைக் கூட்டலாம், சல்பசலசீனோ ஹைட்ரொக்சிகுளோரோகுயினோ சேர்க்கலாம், கொஞ்சக் காலத்துக்குக் குறைந்த அளவு பிரெட்னிசொலோன் கொடுத்து அழற்சியை அமத்தலாம். மெதோட்ரெக்சேற்றில் செய்யும் மாற்றம் பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும், அந்த இடைவெளியில் பொறுமை வேண்டும்.

வீட்டில் சூடு நன்றாக உதவும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் உடம்பு இலேசாகிறது என்று நம் ஊரில் சொல்வது வீண் பேச்சல்ல, இளஞ்சூட்டில் மூட்டின் விறைப்பு இளகும். அதற்காக அம்மாவை அந்த ஈரத்தரையில் வழுக்க விடாதீர்கள். விடிய ஒரு பேசினில் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீர் வைத்து, பத்து நிமிடம் கையை அதற்குள் வைத்து விரலை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். அதே பலன் வீட்டிலேயே கிடைக்கும். மூட்டு சிவந்து கொதிக்கிற நாளில் மட்டும் சூடு வேண்டாம், குளிர்ந்த துணி போதும். பின்னேரம் நித்திரை கொள்வதைக் குறைத்து, ஆறு மணிக்குப் பிறகு தேநீரை நிறுத்திப் பாருங்கள். கிணற்றடிப் பாதையில் ஒரு விளக்குப் போடுங்கள். குளிசை குறையும் வரை சாமத்தில் யாராவது கூடப் போங்கள்.

கடைசியாக அந்த மணிக்கட்டு. விழுந்து ஒரு மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை என்றால் வாத வீக்கம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. ஒன்பது வருட முடக்குவாதத்தில் எலும்பு மெலிந்திருக்கும், சின்ன முறிவும் வாத வீக்கமும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திராமல் இந்தக் கிழமையே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். போகும்போது வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும், அந்த இரண்டு போத்தலையும் பழைய துண்டையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.